மத்திய அமெரிக்காவில் நாட்பட்ட சிறுநீரக நோயும் அதற்கு எதிரான பன்னாட்டுக் கூட்டு முயற்சியும்

மத்திய அமெரிக்க நாடுகளின் பசிபிக் கரையோரச் சமவெளிகளில் வாழும் வேளாண் தொழிலாளரிடையே, குறிப்பாகக் கரும்பு வெட்டும் ஆண்களிடையே, பரவலாகக் காணப்படும் ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் மீசோஅமெரிக்கச் சிறுநீரக நோய் எனப்படுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகிய வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லாதவர்களை இது தாக்குகிறது. நோயாளிகளில் பலர் 30 முதல் 50 வயதுக்கு உட்பட்டவர்கள். தெற்கு மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலா, எல் சால்வடோர், ஒண்டுராஸ், நிக்கராகுவா வழியாகக் கோஸ்ட்டா ரிக்காவின் குவானகாஸ்தே மாகாணம் வரை இந்நோய்ப் பகுதி நீள்கிறது. நோய்க்கு நாட்டெல்லை இல்லை என்பதாலும், எந்த ஒரு நாட்டிடமும் அதைத் தனியே ஆராயும் வசதி இல்லை என்பதாலும், மருத்துவர்கள், பல்கலைக்கழகங்கள், சுகாதார அமைச்சகங்கள், தொழிலாளர் சங்கங்கள், சர்க்கரை ஆலைகள் ஆகியவை பல நாடுகளிலிருந்து ஒன்றுசேர வேண்டியதாயிற்று. இந்தச் சேர்க்கை எளிதில் அமையவில்லை. இன்றும் அதனுள் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

பாதிப்பின் அளவு

1997 முதல் 2013 வரையான காலத்தில் மத்திய அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்பால் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பு கணக்கிட்டது. அவர்களில் 41 விழுக்காட்டினர் 60 வயதை எட்டாதவர்கள். மற்ற நாடுகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. இங்கு அது குடும்பத்துக்கு உழைத்துப் போடும் வயதில் வருகிறது. நிக்கராகுவாவின் சிச்சிகால்பா நகரை அடுத்த லா இஸ்லா என்னும் குடியிருப்பில் ஆண்கள் அடுத்தடுத்து இறந்ததால் அதற்குக் 'கைம்பெண்களின் தீவு' என்ற பெயர் வழங்கலாயிற்று. 'இஸ்லா' என்ற எசுப்பானியச் சொல்லுக்குத் தீவு என்று பொருள்.

அந்த வட்டாரத்துத் தொழிலாளர் இந்நோயை மருத்துவப் பெயரால் அழைப்பதில்லை. 'எனக்குக் கிரியாட்டினின் வந்துவிட்டது' என்றே சொல்கின்றனர். கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகி இரத்தத்தில் கலக்கும் ஒரு கழிவுப்பொருள். சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிக்கும் ஆற்றல் குறையும்போது இரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. ஆய்வுக்கூடச் சீட்டில் வரும் ஓர் எண்ணின் பெயர் ஒரு நோயின் பெயராக மக்கள் வாயில் நிலைத்தது என்பதே, அந்த எண் அவர்கள் வாழ்வை எவ்வளவு தீர்மானித்தது என்பதைக் காட்டும்.

அறுவடைக் காலம் தொடங்குமுன் ஆலைகள் தொழிலாளரின் இரத்தத்தைச் சோதிக்கின்றன. கிரியாட்டினின் கூடுதலாக இருப்பவருக்கு வேலை இல்லை. நோயாளியைக் கடும் வெயிலிலிருந்து காக்கும் நடவடிக்கை இது என்று கொள்ளலாம். ஆனால் வேறு வேலை கிடைக்காத ஊரில் அது வருமானத்தை ஒரே நாளில் அறுத்துவிடுகிறது. ஆகவே பிறர் பெயரில் சோதனைக்கு நிற்பதும், சோதனை இல்லாத ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து வெட்டப் போவதும் நடந்தன. நோய்க் கணக்கெடுப்பில் இறங்கிய ஆய்வாளர்களுக்கு இது பெரிய இடர். ஆலையில் வேலை செய்வோரை மட்டும் சோதித்தால் நோயுற்றோர் ஏற்கெனவே விலக்கப்பட்டிருப்பர், நோய் குறைவாகவே தெரியும். அதனால்தான் பின்வந்த ஆய்வுகள் பல ஊர்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டன.

சிறுநீரகத்தில் நிகழ்வது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிப்பு அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகிலும் இரத்தத்தை வடிக்கும் ஒரு நுண்குழாய் முடிச்சும், வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியவற்றைத் திரும்ப உறிஞ்சும் நீண்ட நுண்குழலும் உண்டு. நீரிழிவால் கெடும் சிறுநீரகத்தில் முதலில் பழுதாவது பொதுவாக முடிச்சு. அப்போது சிறுநீரில் புரதம் மிகுதியாக ஒழுகும், மருத்துவருக்கு அது முன்னெச்சரிக்கையாக அமையும். மீசோஅமெரிக்க நோயில் முதன்மையான சேதம் நுண்குழல்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள திசுவிலும் ஏற்படுகிறது. சிறுநீரில் புரதம் சிறிதளவே தென்படும் அல்லது தென்படாது. இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் இயல்பாக இருக்கலாம். கால் வீக்கம், மூச்சிரைப்பு போன்ற அறிகுறிகள் தெரியும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி வடுவாக மாறியிருக்கும்.

வடிப்பு வேகம் நிமிடத்துக்கு 60 மில்லி லிட்டருக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்ளப்படும். வடுவான திசு மீள்வதில்லை. ஆகவே இந்நோயில் செய்யத்தக்கது வராமல் தடுப்பதும், வந்ததை மெதுவாக்குவதும்தான்.

ஒன்றுசேர்ந்த கதை

எல் சால்வடோரின் தலைநகரிலுள்ள ரோசாலெஸ் தேசிய மருத்துவமனையில், இறுதிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்புடன் புதிதாக வந்த 205 நோயாளிகளை மருத்துவர் ரமோன் திராபனினோவும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை. இவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வயல் வேலை செய்தவர்கள், கரையோரத் தாழ்நிலத்தில் வாழ்ந்தவர்கள். நோயின் முகம் இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் குவானகாஸ்தேயிலிருந்தும் நிக்கராகுவாவிலிருந்தும் இதே முகத்துடன் அறிக்கைகள் வந்தன.

தனித்தனியாகப் பார்த்தவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததில் 'சால்த்ரா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அமெரிக்கத் தொழில், சூழல், நலத் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சுவீடன் அரசின் வளர்ச்சி உதவியுடன் 2003-இல் தொடங்கிய இத்திட்டம் கோஸ்ட்டா ரிக்காவின் தேசியப் பல்கலைக்கழகத்தையும் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் இணைத்தது. இதன் ஏற்பாட்டில் 2012 நவம்பரில் சான் ஹோசேயில் முதல் பன்னாட்டு ஆய்வுப் பட்டறை நடைபெற்றது. மத்திய அமெரிக்கா, மெக்சிகோ ஆகியவற்றின் சிறுநீரக நோய்க்கொள்ளைக்கான ஆய்வுக் கூட்டமைப்பு அங்கு உருவானது. 2015-இல் இரண்டாவது பட்டறையும் அதே நகரில் கூடியது.

நிக்கராகுவாவில் இணைப்பு வேறு வழியாக வந்தது, அது ஒரு முறையீட்டில் தொடங்கியது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2006-இல் அந்நாட்டின் பெரிய சர்க்கரை நிறுவனம் ஒன்றுக்கு 5.5 கோடி டாலர் கடன் வழங்கியது. நோயுற்ற முன்னாள் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அமைத்த 'அசோச்சிவிதா' என்ற சங்கம் உள்ளிட்டோர் 2008-இல் அக்கழகத்தின் குறைதீர் அலுவலகத்திடம் முறையிட்டனர். அந்த அலுவலகம் வழக்கு நடத்தாமல் இரு தரப்பையும் பேச்சுக்கு அழைத்தது. யார் சொன்னால் நம்புவது என்பதே முதல் சிக்கலாக இருந்தது. நிறுவனம் அமர்த்தும் ஆய்வாளரைச் சங்கம் ஏற்காது, சங்கம் கொண்டுவருபவரை நிறுவனம் ஏற்காது. இறுதியில் இரு தரப்பும் சேர்ந்தே பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவைத் தேர்ந்தெடுத்தன. நோய்க்கு ஆளானவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒப்புக்கொண்டு ஓர் ஆய்வுக்குழுவை அமர்த்துவது அரிது. இம்முயற்சி முழுவதிலும் பிற வட்டாரங்கள் பின்பற்றத்தக்க பகுதி இதுவே எனலாம்.

அக்குழு அறுவடைக்கு முன்னும் பின்னும் தொழிலாளரின் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தது. ஆலைக்குள் வேலை செய்வோரைவிட வயலில் வேலை செய்வோருக்கு, ஒரே அறுவடைக் காலத்துக்குள் சிறுநீரகச் செயல்பாடு கூடுதலாகக் குறைந்திருந்தது. உப்புச்சத்துக் கரைசல் அருந்தியவர்களிடம் நிலைமை சற்று மேலாக இருந்தது. நோய் மிகுந்த பகுதிகளில் இன்னும் வேலைக்கே போகாத பள்ளிப் பருவத்தினர் சிலரிடமும் நுண்குழல் சேதத்தின் குறிகள் காணப்பட்டன. வேலை மட்டுமே காரணம் என்று முடித்துவிட இயலாதபடி இக்கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது.

அரசுகளின் தளத்தில் எல் சால்வடோர் முன்னின்றது. அந்நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்த மருத்துவர் மரியா இசபெல் ரொட்ரிகஸ் பன்னாட்டு மேடைகளில் இந்நோயைத் தொடர்ந்து எழுப்பினார். தொற்றா நோய்கள் என்றால் புகையிலை, கொழுப்பு, சர்க்கரை என்று மட்டும் பேசிவந்த அவைகளில் இது எளிதில் எடுபடவில்லை. அவருடைய அமைச்சகம் கியூப நாட்டுச் சிறுநீரகவியலாளர்களுடன் சேர்ந்து பாஹோ லெம்பா பகுதியில் வீடு வீடாக ஆய்வு நடத்தியது. 2011-இல் வெளியான அதன் முடிவின்படி, வயதுவந்தோரில் 17.9 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. ஆண்களில் அது 25.7 விழுக்காடு. 2013 ஏப்ரலில் சான் சால்வடோரில் கூடிய மத்திய அமெரிக்கச் சுகாதார அமைச்சர்கள் மன்றம் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக ஏற்றுச் சான் சால்வடோர் அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பின் 52-ஆவது இயக்கக் குழு, வேளாண் சமூகங்களின் சிறுநீரக நோய் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

பெயரில் ஒளிந்துள்ள வழக்கு

ஒரே நோய்க்கு இத்தனை பெயர்கள் இருப்பது மாணவர்களைக் குழப்பும். ஆய்வுக் கூட்டமைப்பு 'மீசோஅமெரிக்கச் சிறுநீரக நோய்' என்றது. சான் சால்வடோர் அறிக்கை 'மத்திய அமெரிக்காவின் நாட்பட்ட நுண்குழலிடைச் சிறுநீரக நோய்' என்றது. இலங்கையிலும் இந்தியாவிலும் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பதே வழக்கு. எல் சால்வடோர், இலங்கை ஆய்வாளர் சிலர் 'வேளாண் சமூகங்களின் நாட்பட்ட நுண்குழலிடை அழற்சி' என்ற பெயரை 2017-இல் முன்வைத்தனர்.

இது வெறும் சொல் தகராறு அன்று. இடத்தின் பெயரைச் சூட்டினால் நோய் அந்த இடத்துக்கே உரியது என்றாகிறது. 'வேளாண் சமூகம்' என்றால் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் நினைவுக்கு வருகின்றன. 'காரணம் அறியப்படாத' என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று ஒரு தரப்பு குறை கூறுகிறது. பெயரோடு வரையறையும் மாறுபட்டதால் ஒரு நாட்டின் எண்ணிக்கையை இன்னொரு நாட்டினதோடு ஒப்பிட முடியாமல் போனது. ஒரே ஆய்வுக்கூடத்தில் அளக்காத கிரியாட்டினின் அளவுகளும் ஒப்புமைக்கு உதவவில்லை. இதைச் சரிசெய்யவே இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சார்ந்த குழுவினர் 'டிகிரி' என்னும் பொது ஆய்வுநெறியை 2017-இல் வெளியிட்டனர். எத்தகைய ஊர், எந்த வயதினர், எந்த வினாக்கள், எந்தத் தரத்தில் அளவீடு என்பவை அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பும் அதே ஆண்டு நோய் வரையறைகளை வெளியிட்டது.

காரணம் பற்றிய கருத்துகள்

மிகுந்த ஆதரவு பெற்றிருப்பது வெப்பக் கருத்து. கரும்பு வெட்டுவோர் அறுவடைக்கு முந்தைய நாள் தீயிடப்பட்ட வயலில், நிழலே இல்லாத இடத்தில், கரிபடிந்த தடித்த ஆடையுடன் மணிக்கணக்கில் குனிந்து வெட்டுகின்றனர். கூலி வெட்டிய டன் கணக்கில் தரப்படுவதால், ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலிக் குறைவு. தசைகளின் கடும் உழைப்பில் உடலின் உள்வெப்பம் ஏறுகிறது, வியர்வையால் நீர் வற்றுகிறது, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. தசைச் சிதைவால் யூரிக் அமிலம் கூடி நுண்குழல்களில் படிகமாகலாம் என்றும், நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குள்ளேயே பிரக்டோசு உருவாகித் திசுவைத் தாக்குகிறது என்றும் விலங்காய்வுகள் காட்டின. வேலைக்கு இடையே அருந்தும் இனிப்புப் பானங்களும் இடுப்பு வலிக்கு விழுங்கும் வலிநிவாரணிகளும் இந்தச் சுமையைக் கூட்டக்கூடும். ஒரு நாள் காயம் ஆறிவிடும். ஆண்டுக்கு ஐந்தாறு மாதம், பல ஆண்டுகள் தொடரும் காயம் வடுவாகிறது என்பது இக்கருத்தின் சாரம்.

உயரமான நிலங்களில் நோய் குறைவாக இருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நிக்கராகுவாவின் ஐந்து ஊர்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆண்களில் 14 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 3 விழுக்காட்டினருக்கும் வடிப்பு வேகம் குறைந்திருந்தது. சுரங்கம், வாழை, கரும்பு சார்ந்த ஊர்களில் நோய் மிகுதி, மலைப்பகுதிக் காப்பித் தோட்ட ஊரில் குறைவு. இதில் சுரங்க ஊரும் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. அங்கே வேளாண் வேதிப்பொருளைவிடக் கடும் உடலுழைப்பும் வெப்பமுமே பொதுவாக உள்ளவை.

வேளாண் வேதிப்பொருள் கருத்தை எல் சால்வடோர் ஆய்வாளர் பலர் வலியுறுத்தினர். வெப்பம் பழங்காலத்திலிருந்தே உள்ளது, கரும்பும் நூற்றாண்டுகளாக வெட்டப்படுகிறது, பின் நோய் ஏன் அண்மையில் தோன்றியது என்பது அவர்களின் வினா. முன்பு யாரும் கிரியாட்டினின் அளக்கவில்லை, கூலிமுறையும் வேலைச் சுமையும் மாறியுள்ளன என்பது மறுதரப்பின் விடை. கன உலோகங்கள், எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள், மரபணுக் கூறுகள் ஆகியவையும் ஆராயப்பட்டுள்ளன. இவற்றில் எதுவும் தனித்து நோயை விளக்கவில்லை. பல காரணிகள் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்றும், அவற்றில் வெப்ப உழைப்பு முதன்மையானது என்றும் கொள்வது இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

தண்ணீர், ஓய்வு, நிழல்

காரணம் முழுவதும் தெளியும்வரை காத்திருக்க வேண்டுமா என்ற வினாவுக்கு விடையாக வந்ததே 'தண்ணீர், ஓய்வு, நிழல்' திட்டம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிருவாகம் வெப்பநோய்த் தடுப்புக்கு வகுத்த எளிய நெறியை லா இஸ்லா அமைப்பு கரும்பு வயலுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. எல் சால்வடோரில் 2014-15 அறுவடையில் ஒரு சிறு குழுவிடம் இது சோதிக்கப்பட்டது. முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழற்கூடாரம், குறித்த நேரத்தில் கட்டாய ஓய்வு, குனிவைக் குறைக்கும் வெட்டுக்கத்தி ஆகியவை தரப்பட்டன. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும் என்பதே ஆலைகளின் அச்சமாக இருந்தது. ஆனால் ஒரு தொழிலாளர் நாளொன்றுக்கு வெட்டிய அளவு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. ஆட்கள் சிலரே என்பதாலும் கத்தியும் மாறியதாலும் இந்த உயர்வை ஓய்வின் கணக்கில் மட்டும் எழுத இயலாது. எனினும் ஆலை மேலாளர்களின் காதில் ஏறியது இந்த எண்ணே.

பின்னர் நிக்கராகுவாவில், முன்பு முறையீட்டுக்கு உள்ளான அதே நிறுவனத்தின் ஆலையிலேயே 'அதெலாந்தே' என்னும் முயற்சி தொடங்கியது. 'முன்னே' என்பது அதன் பொருள். அங்கு ஓய்வு நேரம் கூட்டப்பட்டபோது, எரித்த கரும்பை வெட்டுவோரிடையே அறுவடைக் காலச் சிறுநீரகக் காயம் குறைந்தது. ஓய்வு விதியைக் காகிதத்தில் எழுதுவதும் வயலில் நடத்துவதும் ஒன்றல்ல என்பதும் அங்கே தெரியவந்தது. டன் கணக்கில் கூலி தொடரும்வரை தொழிலாளரே ஓய்வைத் தவிர்க்க விரும்புவர். கூடாரம் வந்துசேரத் தாமதித்தால் அன்றைய ஓய்வு வெயிலிலேயே கழியும்.

தெற்காசியத் தொடர்பு

மீசோஅமெரிக்காவுக்கு வெளியே இதை ஒத்த நோய் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட இடங்கள் இலங்கையின் வட மத்திய மாகாணமும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலுள்ள உத்தானம் பகுதியும் ஆகும். இலங்கையில் 1990-களில் மதவாச்சி, பதவியா போன்ற நெல் விளையும் பகுதிகளில் கவனத்துக்கு வந்த நோய், வவுனியா உள்ளிட்ட அண்டை மாவட்டங்களிலும் காணப்படுகிறது. உலகச் சுகாதார அமைப்பும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் 15.1 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. அங்கு ஐயம் முதலில் குடிநீரின் மீது விழுந்தது. கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளூரைடும் ஆராயப்பட்டன. கிளைபோசேட் களைக்கொல்லி 2015-இல் தடை செய்யப்பட்டது. ஊர்களில் நீர் வடிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சீன உதவியுடன் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கான தனி மருத்துவமனை கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது.

இரு வட்டாரங்களையும் நேரடியாக இணைத்தது சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் திசு ஆய்வு. எல் சால்வடோர் ஆண்கள் 8 பேரின் சிறுநீரகத் திசுவை 2013-இல் விவரித்த அக்குழு, பின்னர் நிக்கராகுவாவிலும் இலங்கையிலும் அவ்வாறே செய்தது. 2018-இல் வெளியான இலங்கை ஆய்வில் 11 நோயாளிகளின் திசு பெருமளவு மீசோஅமெரிக்கத் திசுவை ஒத்திருந்தது, சில வேறுபாடுகளும் இருந்தன. வெட்டுக்கத்தி பிடித்தவரும் நெல் வயலில் நின்றவரும் ஒரே நோயால் தாக்கப்பட்டனரா, அல்லது சிறுநீரகம் பல காயங்களுக்கும் ஒரே வகை வடுவைத்தான் காட்டுகிறதா என்பது திசுவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதது. பன்னாட்டுச் சிறுநீரகவியல் கழகம் இவ்விரு வட்டார ஆய்வாளரையும் சேர்த்து ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியுள்ளது.

சிகிச்சை

கூட்டு முயற்சியின் நலிந்த பகுதி இதுவே. ஆய்வுக்குக் கிடைத்த பன்னாட்டு நிதியைப்போல் டயாலிசிசுக்குக் கிடைக்கவில்லை. இரத்த டயாலிசிசுக்கு வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கரையோர ஊரிலிருந்து அது பெரும்பாலும் நாள் முழுதும் ஆகும் பயணம். வயிற்று உறை வழி செய்யும் டயாலிசிசை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், ஆனால் தூய நீரும் தூய அறையும் வேண்டும். மண் தரையுள்ள குடிசையில் தொற்று எளிதில் வரும். டயாலிசிசைக் கண்டு அஞ்சி மறுத்தவர்களும் உண்டு, ஏனெனில் அவர்கள் ஊரில் அதற்குச் சென்றவர்கள் மிகவும் பிந்திச் சென்றதால் விரைவில் இறந்திருந்தனர்.

அண்மை நிலை

2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய 78-ஆவது உலகச் சுகாதாரப் பேரவை, சிறுநீரக நலம் பற்றிய தன் முதல் தீர்மானத்தை ஏற்றது. சிறுநீரக நோயைத் தொற்றா நோய்த் திட்டங்களில் சேர்க்கவும், முன்கூட்டியே கண்டறியவும், சிகிச்சையை எட்டச் செய்யவும் அது உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. தீர்மானத்தை முன்னெடுத்த நாடு குவாத்தமாலா.